கை வைக்காத கதவு

நான் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் இந்த ஊரில் மூன்று மாடியில் ஒரு நடனக்கூடம் கட்டி, பதினெட்டு வருடமாக நடத்துகிறேன். கீழே குடி, நடுவில் ஆட்டம், மொட்டை மாடியில் காற்று. ஊர் சுற்ற வருகிறவர்கள் கையில் வைத்திருக்கும் வழிகாட்டிப் புத்தகத்தில் என் கூடத்துக்கு அரைப் பக்கம் கொடுத்திருக்கிறார்கள். அது வேற்று மொழி, எனக்குப் படிக்க வராது. படத்தைப் பார்த்தேன். என் வாசல்தான். அந்த வாசலை முழுசாக அடைத்துக்கொண்டு ஒருவன் நிற்கிறானே, அவனைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அவன் என் மனைவியின் தம்பி. ஆறடி மூன்று அங்குலம். ஊரே அவனைக் 'கதவு' என்றுதான் கூப்பிடும். அவன் பெண்டாட்டியும் அப்படித்தான். அவனை வேலைக்கு வைத்தது நான். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் பங்குக்கு வரக்கூடாது.

பயணிகள் பகலெல்லாம் கோட்டை, கடல் என்று அலைந்து வெயிலில் சிவந்துபோய், இருட்டியதும் என் கூடத்துக்கு வருவார்கள். பாஷை தெரியாது, பாட்டு தெரியாது, ஆனாலும் ஆடுவார்கள். தெரியாத ஊரில் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு ஆட வேண்டுமென்றால் வாசலில் நிற்கிற ஆள் சரியாக இருக்க வேண்டும். என் வாசலில் நின்றவன் கொஞ்சம் அதிகமாகவே சரியாக இருந்தான். முதல் நான்கு வருடத்தில் ஏழு மூக்கு, இரண்டு முட்டி, ஒரு தோள்பட்டை. ஒருத்தன் நடனக்காரியின் தலைமுடியைப் பிடித்து இழுத்தான் என்பதற்காக, இழுத்த அந்தக் கையைப் படிக்கட்டுக் கம்பியில் வைத்து ஒரே மிதி. முழங்கைக்குக் கீழே இன்னொரு முழங்கை வந்ததுபோல் மடங்கிவிட்டது.

அந்த வழக்கில்தான் மாட்டினான். நீதிபதி மூன்று வருடம் என்று தீர்ப்புச் சொல்லி, அதை நிறுத்திவைத்து, ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார். இரண்டு வருடத்துக்கு எவன் மேலும் கை வைக்கக் கூடாது. வைத்தால் அந்த மூன்று வருடமும் உள்ளே.

வேறு வேலை பார் என்றேன். "எனக்கு நிக்கத்தான் மாமா தெரியும்," என்றான். நின்றான். அடிக்காமல் சண்டையை நிறுத்துவதற்கு அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். மற்ற வாசல்காரர்கள் அடிக்கிறவனைப் பிடிப்பார்கள். இவன் அடி வாங்குகிறவனைப் பின்னாலிருந்து இடுப்போடு வளைத்து, மூட்டை மாதிரி தூக்கி வெளியே வைத்துவிடுவான்.

"அடிக்கிறவனைப் பிடிச்சா அவனுக்கு ரோஷம் ஏறும் மாமா. அடி வாங்குறவனை எடுத்துட்டா யாரைப் போய் அடிப்பான், நாற்காலியையா?"

இருபது மாதம் இப்படியே ஓட்டினான். முகத்தில் துப்பினார்கள், கன்னத்தில் சிகரெட்டை வைத்தார்கள். கை தூக்கவில்லை. பத்திரத்துக்கு இன்னும் நாலு மாதம்தான் பாக்கி. கல்யாணமாகி ஒன்பது வருடத்துக்கு அப்புறம் அவன் பெண்டாட்டிக்கு ஏழாம் மாதம்.

அப்போதுதான் அந்த மஞ்சள் சட்டைக்காரர் ஊர் சுற்ற வந்தார். அவர் ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராம். தொடர்ந்து மூன்று இரவு கூடத்துக்கு வந்தார். ஆட்டம் என்றால் கொக்கு சேற்றில் மாட்டியது போல. ஆனால் அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தால் நமக்கே இன்னொரு கிளாஸ் ஊற்றலாம் போலிருக்கும். வரும்போதும் போகும்போதும் கதவுக்கு ஒரு கும்பிடு போடுவார்.

மூன்றாம் இரவு, கூடமே ஆடுவதை செல்போனில் படம் எடுத்தார். மூலை மேஜையில் லாரி செட்டுக்காரன் தன் இரண்டு ஆட்களோடு இருந்தான். மடியில் ஒரு பெண். வீட்டில் வெளியூர் போவதாகச் சொல்லிவிட்டு வந்தவன்.

"யாருடா படம் எடுக்கச் சொன்னது? என் பொண்டாட்டி அனுப்பினாளா?"

வாத்தியாருக்கு என்ன புரியும்? சிரித்துக்கொண்டே, பார்க்கலாம் வாருங்கள் என்பதுபோல் செல்போனைத் திருப்பிக் காட்டினார். லாரிக்காரன் அதைப் பிடுங்கித் தரையில் போட்டு, சுக்கல் சுக்கலாகும்வரை மிதித்தான். பிறகு அவர் வாயில் ஒரு குத்து. ஆட்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்று விலாவில் உதைத்தார்கள். மஞ்சள் சட்டை சிவந்துவிட்டது.

கதவு ஓடினான். வழக்கம்போல அடி வாங்குகிறவரைப் பின்னாலிருந்து வளைத்துத் தூக்கினான். எங்கள் ஊர்க்காரனாக இருந்தால், கதவு வந்துவிட்டான் என்று உடம்பைத் தளர விட்டிருப்பான். அவருக்கு இந்த முறை எங்கே தெரியும்? நாலாவதாக ஒருத்தன் பின்னாலிருந்து பிடிக்கிறான் என்று நினைத்து, கைக்கு எட்டிய பாட்டிலை எடுத்துத் தலைக்குப் பின்னால் ஓங்கிப் போட்டார். கதவின் நெற்றி பிளந்து ரத்தம் கண்ணை மூடியது. அப்போதும் பிடியை விடவில்லை. கண் தெரியாமலே அவரைச் சுமந்துகொண்டு சமையலறை வழியாக வெளியேறப் பார்த்தான்.

லாரிக்காரன் உடைந்த பாட்டிலின் கழுத்தைப் பொறுக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தான். வாத்தியாரின் தொண்டையில் வைத்து அழுத்தினான். தோல் கிழிந்தது.

"மாமா, கண்ணு தெரியல! எங்க இருக்கான்?"

"வலது பக்கம்டா!" என்று கத்தினேன். சொன்னது நான்தான், அதையும் எழுதிவிடுகிறேன்.

ஒரே குத்து. தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது. லாரிக்காரன் பாத்திரம் கழுவும் தொட்டியில் மோதி, மூன்று பல்லைத் துப்பிவிட்டு விழுந்தான். தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. ஆட்கள் இரண்டு பேரையும் அதற்கப்புறம் காணோம்.

கதவு கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. "போச்சு மாமா. மூணு வருஷம். பிள்ளை நடக்க ஆரம்பிச்சிடும்."

சமையலறைச் சுவரில் வலது கையை மூடிக் குத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதில் சுண்டுவிரல் எலும்பு போனது எனக்கே கேட்டது. என் மனைவி கரண்டியோடு நின்று பார்த்தாள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முப்பது வருடக் குடித்தனம்.

இன்ஸ்பெக்டர் வந்தார். கதவை முன்பு பிடித்ததும் இதே ஆள்தான்.

"யார் அடிச்சது?"

"நான்தான் சார்," என்று கையை நீட்டினேன்.

"சார், மாமா பொய்..." என்று கதவு ஆரம்பித்தான். அவன் அக்கா வாயிலேயே ஒன்று போட்டாள். "பெரியவங்க பேசறப்ப என்னடா ஊடால?"

அதற்குள் மஞ்சள் சட்டைக்காரர் எழுந்துவிட்டார். உயிரைக் காப்பாற்றிய நன்றி மனிதருக்கு. கதவைக் காட்டி, இப்படித் தூக்கினார், இப்படிக் குத்தினார் என்று கையாலும் காலாலும் நடித்துக் காட்டினார். கண்ணில் தண்ணீர். அவர் பாராட்டப் பாராட்ட என் மைத்துனனுக்கு மூன்று வருடம் நெருங்கிக்கொண்டே வந்தது.

"இவனா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

என் மனைவி போய், காயத்துக்குத் துணி கட்டுகிறவள்போல் வாத்தியாரின் முழங்கையைப் பிடித்தாள். நீட்டிய விரலை மெல்ல என் பக்கம் திருப்பினாள். திருப்பிவிட்டுப் பிடியை விடவில்லை. அவர் அவள் முகத்தைப் பார்த்தார், கதவின் முகத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். வாத்தியார் அல்லவா, பிள்ளைகளின் பொய்யில் பழகியவர். மறுபடி முதலிலிருந்து நடித்தார். இந்தத் தடவை குத்தியது நான். நான் போடாத உதை ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்.

"அறுபது வயசுல ஒரே குத்துல தாடையா?"

"இருபது வருஷம் ஐஸ் கட்டி சுமந்து உடைச்ச கை சார். வேணும்னா உங்க ஜீப்புல ஒண்ணு குத்திக் காட்டவா?"

காரை பெயர்ந்திருந்த சமையலறைச் சுவரை அவர் ஒரு பார்வை பார்த்தார். "சுவத்துக்கு வெள்ளையடிக்கச் சொல்லுங்க," என்றார் என் மனைவியிடம். என்னை வண்டியில் ஏற்றினார்.

லாரிக்காரனுக்கும் நான் அடித்ததாக ஒத்துக்கொண்டதே வசதியாகப் போயிற்று. வழக்கு வளர்ந்தால் வீட்டில் தெரிந்துவிடும். எனக்குக் கிடைத்தது ஐந்து மாதம். உள்ளே அரிசியில் கல் இருந்தது என்று கேட்டு ஒரு ரவுடியோடு மல்லுக்கட்டி, இடது கையாலேயே அவன் காதைக் கிழித்தேன். அது தனிக் கதை.

ஐந்து மாதமும் கதவு என்னைப் பார்க்க வரவே இல்லை. பெண் குழந்தை பிறந்ததை என் மனைவிதான் வந்து சொன்னாள். "உங்க மேல கோவமா இருக்கான்," என்றாள். எவனுக்காக எலும்பை உடைத்துக்கொண்டேனோ அவன் எட்டிப் பார்க்கவில்லை.

விடுதலையான காலையில் சிறை வாசலில் நின்றான். பத்திரம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கையிலிருந்த குழந்தையைப் பக்கத்தில் நின்ற அக்காவிடம் கொடுத்தான். நேராக வந்து கன்னத்தில் ஒன்று வைத்தான். காதில் வண்டு பறந்தது. காவலாளி லத்தியோடு ஓடி வந்தான்.

"குடும்ப விஷயம் சார்," என்று அவனை நிறுத்தினேன்.

"இருபது மாசம் எவனெவனோ துப்பினதைத் துடைச்சுக்கிட்டு நின்னேன்," என்றான் கதவு. "கடைசியில ஒரே ஒரு நல்ல குத்து குத்தினேன். ஊரெல்லாம் அதை உங்க குத்துன்னு பேசுது. என் பொண்ணு கிட்ட நான் எதைச் சொல்லுவேன்?"

நான் கோணல் விரலை மடக்கி மறைத்துக்கொண்டேன். இன்றுவரை கூடத்துக்கு வருகிறவர்கள் என் கோணல் விரலைப் பார்த்து அந்தக் குத்தைப் பற்றிக் கேட்பார்கள். நானும் பெருமையாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். லாரிக்காரன் போன மாதம் செத்துவிட்டான், வழக்கும் மண்ணோடு போயிற்று. ஆகையால் எழுதுகிறேன்: அடித்தது கதவு. ரத்தம் மறைத்த கண்ணோடு, ஒரே குத்து, மூன்று பல். அப்படி ஒரு குத்தை நான் பார்த்ததில்லை.