புள்ளிக்கு அப்பால் ஓர் ஆயா

"கணக்கின் இடைக்கட்டங்களில் பின்னங்களை முழு எண்ணாக்கக் கூடாது. இறுதி விடையை மட்டும் ஒருமுறை முழு எண்ணாக்க வேண்டும். அரையும் அதற்கு மேலும் அடுத்த முழு எண். அரைக்குக் கீழ் விட்டுவிடப்படும்." எங்கள் அலுவலகத்தின் பட்ஜெட் கையேட்டில் இருந்த விதி இது. இதை யாரும் வேண்டுமென்று மீறியதில்லை. அதற்கு முதலில் படித்திருக்க வேண்டும்.

நெய்வேலியில் பட்ஜெட் அனலிஸ்டாக இருந்தேன் என்று சொன்னால், கணித மேதை என்று நினைத்துக்கொண்டு பிள்ளைகளின் கால்குலஸ் புத்தகத்தோடு வந்துவிடுகிறார்கள். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், சதவீதம், சராசரி. இத்தனை வருஷமும் இவற்றைத் தாண்டி எதுவும் தேவைப்படவில்லை. எந்த இடத்தில் ரவுண்ட் செய்யக் கூடாது என்று தெரிந்திருந்தால் போதும். அதுதான் பலருக்கு வராது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம், எங்கள் அலுவலகக் குழந்தைகள் காப்பகத்துக்கு எத்தனை ஆயாக்கள் தேவை என்ற கணக்கு என் மேஜைக்கு வந்தது. பத்துக் குழந்தைகளுக்கு ஓர் ஆயா. நான்கு காலாண்டுகளின் சராசரி வருகை 35.4, 35.3, 35.4, 34.4. பணியாளர் பிரிவு அதிகாரி ஒவ்வொன்றையும் முதலில் முழு எண்ணாக்கி, அப்புறம் சராசரி எடுத்து, பத்தால் வகுத்திருந்தார். விடை 3.475, ஆகவே மூன்று ஆயா. நடுவில் வெட்டாமல் போட்டால் 3.51, ஆகவே நான்கு. காப்பகத்தில் இருந்ததும் நான்கு பேர்தான். நான்காமவர் காண்ட்ராக்ட். மார்ச்சோடு ஒப்பந்தம் முடிகிறது.

அதிகாரிக்கு போன் செய்தேன்.

"பின்னத்துல குழந்தை வருமா சார்? நீங்களே சொல்லுங்க."

"குழந்தை வராது. சராசரி வரும்."

"முப்பத்தஞ்சு புள்ளி நாலு குழந்தைய நேர்ல பாத்திருக்கீங்களா?"

"மூணு புள்ளி நாலு ஏழு ஆயாவ நீங்க பாத்திருக்கீங்களே."

"எழுதி அனுப்புங்க சார்" என்று வைத்துவிட்டார்.

எழுதி அனுப்பினேன்.

செய்தி எனக்கு முன்பே காப்பகத்துக்குப் போயிருந்தது. மறுநாள் மாலை, குறிஞ்சிப்பாடி பஸ்ஸுக்கு நின்றிருந்த அந்த நான்காம் ஆயா என்னை மடக்கினார்.

"சார், பட்ஜெட் சார் நீங்கதானுங்களே? மூணு புள்ளி நாலு ஏழாம். மூணு பேரு ஆளாம். புள்ளிக்கு அப்பால கெடக்கறது நானாம். எங்க சூப்பர்வைசரம்மா சொல்றாங்க."

"கணக்கு தப்பும்மா. எழுதியிருக்கேன்."

"எப்ப திருத்துவாங்க?"

"சொல்ல முடியாது."

"அழுதுகினு கெடக்கற புள்ளைய, நீ புள்ளி நாலு, அந்தாண்ட போன்னு வுட முடியுமாங்க? ஃப்ரீ பஸ்ஸுல கூட எனக்கு முழு டிக்கெட்டுதான் கிழிக்கறான். இந்த வேல போனா வூட்டுல வேற சம்பளம் இல்லீங்க."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டே, "மறந்துடாதீங்க. நாலு!" என்று விரல்களைக் காட்டினார். பஸ்ஸில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

சில வாரங்களில் என் குறிப்பு பணியாளர் பிரிவிலிருந்து திரும்பி வந்தது. ஓரத்தில் எழுதியிருந்தார்கள்: "பின்னத்தில் உள்ள குழந்தைகளின் பெயர்ப் பட்டியலை இணைக்கவும்." சராசரிக்குப் பெயர் சூட்டும் வழக்கமில்லை என்று பதில் எழுதி, கையேட்டின் பக்கத்தை நகலெடுத்து இணைத்தேன். அப்புறம் நினைவூட்டல். நினைவூட்டலுக்கு நினைவூட்டல். மூன்றாவதை மேலதிகாரிக்கு நகலுடன் அனுப்பினேன். நகல் போனால் முதல் இரண்டையும் தேடிப் படிப்பார்கள்.

மார்ச் கடைசியில் காப்பகத்துக்குப் போனேன். தூளியில் ஒரு குழந்தை, இடுப்பில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று. நான்காம் ஆயா என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத் தூளியை ஆட்டினார். மற்ற மூவரும் அவரை வழியனுப்பப் புடவை எடுக்கக் காசு சேர்த்துவிட்டதாக சூப்பர்வைசர் தணிந்த குரலில் சொன்னார்.

புடவையைக் கொடுத்த அன்று, டீ வேளைக்குப் பிறகு பதில் வந்தது. ஒரே வரி: "நான்கு என ஏற்கப்படுகிறது, ஒப்பந்தத்தைத் தொடரவும்." கீழே கையெழுத்து. அதன் கீழே தேதி, மார்ச் முப்பத்தொன்று.