உள்ளூர் விலாசம்

நான் வேலை செய்கிற விடுதி மன்னார் பஸ் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. பதினொரு அறைகள். தொலைபேசியில் கேட்பவர்களுக்கு அறை பதிவது, யாருக்கு எந்த அறை என்று ஒழுங்குபடுத்துவது, வந்தவுடன் அடையாள அட்டையைப் பார்த்து அறைத் திறப்பைக் கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு. காலையில் நறுவிலிக்குளத்திலிருந்து பஸ்ஸில் வந்து மாலையில் திரும்பிவிடுவேன். ஏழு வருடமாக இதுதான் என் வேலை.

விடுதியின் சொந்தக்காரி பேசாலைப் பெண். பிள்ளைகள் வெளிநாடு போன பிறகு வீட்டைப் பெருப்பித்து விடுதியாக்கியவர். மேல்மாடியில் இருக்கிறார். நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒரு விஷயத்தைத் திட்டமாகச் சொல்லிவிட்டார்.

"மன்னார் விலாசத்தோட வாற ஆக்களுக்கு, முக்கியமா சோடியா வாற ஆக்களுக்கு, அறை குடுக்கிறேல்லை, பிள்ளை. உள்ளூர் ஆக்களுக்கு உள்ளூரில வீடு இருக்குத்தானே. பிறகென்னத்துக்கு அறை? ஒரு கதை வந்துதெண்டா நான் கோயில்ல தலை நிமிர்ந்து நிக்கேலாது."

எனக்கும் அது சரியென்றே பட்டது. அடையாள அட்டையில் உள்ளூர் விலாசத்தைக் கண்டால், "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அறை ஒண்டும் இல்லை" என்பேன். என் முதுகுக்குப் பின்னால் பலகையில் ஏழெட்டுத் திறப்புகள் தொங்கிக்கொண்டிருக்கும். வந்தவர்கள் அவற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதக் கடைசி. பூநாரைகள் வந்திருந்ததால் பறவை பார்க்க வருகிறவர்களின் கூட்டம். இணையத்திலும் பதிவு வரும், தொலைபேசியிலும் வரும். தொலைபேசியில் வந்ததைப் பதிவுக் கொப்பியில் எழுதியவுடன் கணினியில் அந்த அறையை மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் எங்கேயோ இருக்கிற ஒருவர் அதே அறையை எடுத்துவிடுவார்.

அன்று ஒரு பெண் அழைத்தார். பேச்சில் மலைநாட்டுச் சாயல்.

"ரூமு ஒன்னு வேணுங்க. வர்ற வெள்ளிக்கிழமை. ஒரு நாளைக்கு, ரெண்டு பேரு."

"ஓம், இருக்கு அம்மா."

"உள்ளுக்குள்ள தாப்பாள் இருக்குங்களா?"

"இருக்கு."

"காலையில யாரும் வந்து கதவ தட்டுவாங்களா?"

"தட்ட வேண்டாமெண்டு நீங்கள் சொன்னா ஆரும் தட்டமாட்டினம்."

அவர் பக்கத்தில் யாரிடமோ, "தட்ட மாட்டாங்களாம்" என்று சொல்வது கேட்டது.

மலைநாட்டில் ஹற்றன் பக்கத்திலிருந்து திருக்கேதீஸ்வரக் கோயிலுக்கு வருகிறவர்களாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். விலாசம் கேட்கவில்லை. ஏழாம் இலக்க அறையைக் கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஒரு வான் நிறையச் சனம் வந்து இறங்கி, முகம் கழுவ இடம் இருக்கிறதா என்று கேட்டது. அவர்களைக் கவனித்துவிட்டு வந்து வேறு வேலையைத் தொடங்கிவிட்டேன். கணினியில் அறையை மூட மறந்துபோனேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் பெண்ணும் கணவரும் வந்தார்கள். கணவருக்கு ஐம்பத்தைந்து இருக்கும். மடிப்புக் கலையாத வெள்ளைச் சேர்ட். மனைவி மஞ்சள் சேலை கட்டி, கையில் ஒரு துணிப்பை வைத்திருந்தார். கணினியைத் திறந்த பிறகுதான் நான் செய்த பிழை தெரிந்தது. மதியம் வரவிருந்த பறவை பார்க்கிற குழு ஐந்து அறைகள் எடுத்திருந்தது. அதில் ஒன்று ஏழாம் இலக்கம். மிச்ச அறை எல்லாவற்றிலும் ஆட்கள்.

நேரம் எடுப்பதற்காக அடையாள அட்டையைக் கேட்டு வாங்கினேன். விலாசத்தைப் பார்த்தால் நறுவிலிக்குளத்துக்குப் பக்கத்துக் குடியேற்றம். அவர்களின் பெற்றோர் காலத்தில் மலையிலிருந்து வந்து குடியேறிய சனம். நிமிர்ந்து அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் எனக்கு முதலே என்னை அடையாளம் கண்டிருந்தார்.

"நீங்க குளத்தடி வீட்டுப் புள்ளதானே? ஒங்க வயல்ல புல்லுப் புடுங்க வந்திருக்கோம்" என்றார். சொன்ன பிறகு, சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்பதுபோல் கணவரைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து அக்கா படியிறங்கி வந்தார். மேசையில் கிடந்த அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார்.

"இது பக்கத்து ஊர் விலாசமெல்லே?"

"ஓம் அக்கா. ஆனா நான் போன்ல பதிஞ்சிட்டன். ஏழாம் நம்பர் இன்ரநெற்றிலயும் போயிட்டுது. என்ர பிழைதான்."

"அப்ப நல்லதாப் போச்சு. உண்மையாவே அறை இல்லைத்தானே. அதைச் சொல்லி அனுப்பு."

இத்தனை நாளும் பொய் சொல்லிப் பழகிய எனக்கு, அன்று உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. வெளியே வந்து மேசைக்குப் பின்னால் சும்மா நின்றேன். அந்த அம்மாவுக்கு விளங்கிவிட்டது. மெல்ல மேசைக்குக் கிட்ட வந்தார்.

"நாங்க வேற ஒன்னுக்கும் வரலைங்க" என்றார். "கலியாணம் கட்டி முப்பத்தொரு வருசம். மொதல்ல மாமியா வீடு. பொறகு சண்டையில ஓடி முகாமு. அப்பறம் தகரக் கொட்டில். இப்ப வீட்டுத் திட்டத்துல வீடு இருக்கு, ஆனா அதுல நாங்க, ரெண்டு மகன்மாரு, மருமக்க, பேரப் புள்ளங்கன்னு பத்துப் பேரு. நானும் இவரும் மட்டும் ஒரு கதவ சாத்திட்டு இருந்ததே இல்லைங்க. வெள்ளாம வெட்டு முடிஞ்சிருச்சி. பெரியவன்தான் சொன்னான், போயி ஒரு நாளு நல்லாத் தூங்கிட்டு வாங்கன்னு."

அதுவரை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கணவர் வாய் திறந்தார். "இவளுக்குச் சத்தமில்லாத எடத்துல தூங்கணும்னு ரொம்ப நாளா ஆசைங்க."

அக்கா அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மகன் எங்க இப்ப?" என்று கேட்டார்.

"அவன்தாங்க காலையில பஸ் ஏத்திவிட்டான்."

"ரெண்டு பேரும் இருங்கோ. ஏன் நிக்கிறியள்?" என்று கதிரையைக் காட்டினார். பிறகு என்னிடம், "அறைக்கு என்ன செய்யப்போறாய்?" என்றார்.

அக்கா சம்மதித்துவிட்டார் என்பது எனக்கு உறைக்க ஒரு நிமிடம் பிடித்தது. உடனே அந்தக் குழுவின் வழிகாட்டிக்குப் போன் எடுத்தேன். அவர் சிங்களவர், அரைகுறைத் தமிழ் பேசுவார். ஒவ்வொரு வருடமும் எங்களிடம் வருகிறவர். என் பிழையை மறைக்காமல் சொல்லி, அவரும் டிரைவரும் ஒரே அறையில் இருக்க முடியுமா, அவர்கள் எடுத்த ஐந்தில் ஒன்று கீழே இரண்டு கட்டில் போட்ட அறைதான் என்று கேட்டேன்.

"டிரைவர் குறட்டை போடுறது, மிஸ்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பரவாயில்லை. காலம ஐந்து மணிக்கு எல்லாருக்கும் தேத்தண்ணி தாங்க, அது போதும்" என்றார்.

அப்படி மிஞ்சியது பின்பக்கத்து மூலை அறை. யன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு வளவின் மதில்தான். அதைச் சொல்லாமல் விடக்கூடாது என்று, "அம்மா, அந்த அறையில இருந்து கடல் தெரியாது" என்றேன்.

"கடல வச்சு நாங்க என்னங்க செய்யப் போறோம்" என்றார்.

திறப்பை வாங்கிக்கொண்டு போனார்கள். கதவு சாத்துகிற சத்தமும், தாப்பாள் விழுகிற சத்தமும் கேட்டன. அப்போது மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு அவர்கள் வரவில்லை. அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தப் பக்கம் இரண்டு தரம் நடந்து போய்வந்தார்.

"சாப்பிடாமக் கிடக்குதுகள். ஒருக்கா தட்டிப் பாப்பமே?"

"தட்டமாட்டம் எண்டு சொல்லியிருக்கிறன், அக்கா."

"சரி, சரி. மீன் குழம்பில கொஞ்சம் எடுத்து வைக்கச் சொல்லு."

நாலு மணிக்குத்தான் வெளியே வந்தார்கள். இருவரும் முகம் கழுவித் தலை வாரியிருந்தார்கள். எடுத்து வைத்திருந்த சோற்றைச் சாப்பிட்டு, முன் விறாந்தையில் கதிரைகளை ஒன்றாகப் போட்டுத் தேத்தண்ணி குடித்தார்கள். கணவர் ஏதோ தாழ்ந்த குரலில் சொல்ல, அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் பஸ்ஸுக்குப் போனேன். வழியெல்லாம் எனக்கு மனம் இலேசாக இருந்தது.

மறுநாள் வந்தபோது, அறை துப்புரவாக்குகிற பெண் என்னிடம் முறைப்பாட்டோடு நின்றாள். "விளக்குமாறு கேட்டு வாங்கிக் கூட்டியிருக்கினம். கட்டில் விரிப்பை என்னைவிட வடிவா விரிச்சிருக்கினம். நான் அங்க போய் என்னத்தைச் செய்யிறது?"

அந்த அம்மா திறப்பைத் தரும்போது, "எட்டரை மணி வரைக்கும் தூங்கிட்டேன் புள்ள. எனக்கே வெக்கமாப் போச்சு" என்றார். கணவர் பின்னால் நின்று, "நானும்தான்" என்றார்.

அக்கா தன் சட்டத்தை மாற்றிவிட்டதாக ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த மாதம் கொண்டச்சியிலிருந்து ஒரு ஆசிரியை அழைத்தார், அதுவும் மன்னார் விலாசம்தான். கணவர் ஆஸ்பத்திரியில், இரவெல்லாம் கூட இருப்பதால் பகலில் தூங்க ஒரு இடம் வேண்டும் என்றார். அக்காவிடம் கேட்டேன். "இதுக்கென்ன கேள்வி? குடு" என்றார். அதன் பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன். வருகிறவர்களின் முகத்தைப் பார்த்து நானே முடிவெடுக்கிறேன். இரண்டொரு தரம் ஏமாந்தும் இருக்கிறேன். அதற்காக அக்கா என்னை ஏசவில்லை. முதலே சொன்னேன்தானே என்பதுபோல ஒரு பார்வை மட்டும் பார்ப்பார்.

அந்தத் தம்பதியர் அடுத்த வருடம் வெள்ளாமை வெட்டு முடிந்ததும் மறுபடி வந்தார்கள். இந்தத் தரம் இரண்டு நாளுக்கு. கடல் தெரிகிற மேல் அறையே கொடுக்கும்படி அக்கா சொன்னார். இரண்டாம் நாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்த அம்மாவின் தொலைபேசி அடித்தது. பேரன்.

"ஆடு குட்டி போட்டிருக்காம், ரெண்டு" என்றார் எங்களைப் பார்த்து.

இன்னும் ஒரு இரவு இருக்கிறதே, நாளைக்குப் போகலாமே என்று அக்காவும் நானும் சொல்லிப் பார்த்தோம். அவர் அதற்குள் கை கழுவிவிட்டு, மேலே போய்ச் சேலையை மடிக்கத் தொடங்கியிருந்தார். மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தால் இருட்டுமுன் வீட்டில் நிற்கலாம் என்பது அவர் கணக்கு. கணவர் மட்டும் மிச்சத் தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்து முடித்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தார்.