ஜன்னலில் நின்று நான் பாஸ் போட்ட வாத்தியார்கள்

விழுப்புரத்தில் இன்றைக்கு என் பெயரில் ரெண்டு மரக்கடையும் ஒரு ரைஸ் மில்லும் ஓடுகின்றன. மூணாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இதை ஊரே அறியும். கல்யாண வீட்டிலும் பஞ்சாயத்திலும் நானே சொல்லியிருக்கிறேன். ஊருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. மரத்தில் கை வைப்பதற்கு முந்தி, திண்டிவனத்தில் ஒரு வாத்தியார் பயிற்சிப் பள்ளியில் ஐந்து வருஷம் பியூனாக இருந்தேன். அங்கே படித்துப் போன வாத்தியார்களில் பாதிப் பேரைப் பாஸ் போட்டவன் நான்தான். சிரிக்க வேண்டாம். சொல்கிறேன், கேளுங்கள்.

ஐம்பதுகளின் கடைசி அது. எட்டாவது முடித்தவர்கள் ரெண்டு வருஷம் அங்கே தங்கிப் படித்தால் ஆரம்பப் பள்ளி வாத்தியார் ஆகலாம். பயிற்சிப் பள்ளியை ஒட்டியே ஓடு போட்ட சின்னப் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. மாதிரிப் பள்ளி என்று பெயர். அக்கம்பக்கத்து ஏழை பாழைகளின் பிள்ளைகள்தான் படித்தார்கள். வாத்தியாராகப் போகிறவர்கள் அந்தப் பிள்ளைகளிடம் பாடம் நடத்திப் பழகிக்கொள்ள வேண்டும். முடி வெட்டக் கற்றுக்கொள்கிறவனுக்கு ஒரு தலை வேண்டும் இல்லையா, அது மாதிரி.

தலையைக் கொடுத்த பிள்ளைகள் லேசுப்பட்டவர்கள் இல்லை. வருஷத்துக்கு இருபது வாத்தியார்களைப் பார்த்தவர்கள். புது ஆள் சாக்பீஸைப் பிடிக்கிற தினுசிலேயே இவர் எத்தனை நாள் தாங்குவார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். முன்பெல்லாம் அதற்கு மருந்து பிரம்பு. மேப்பு, படம், உருண்டைப் பூமி எல்லாம் சாமான் ரூமில் என் பொறுப்பில் இருந்தன. பாடத்துக்குப் போகிறவர்கள் நோட்டில் எழுதி வாங்கிப் போவார்கள். கடைசி வரியில் ‘பிரம்பு, ஒன்று’ என்று இருக்கும்.

அப்புறம் பாடம் நடத்தும் முறையைச் சொல்லிக்கொடுக்க ஒரு புது ஆசிரியர் வந்தார். கதர் சட்டை, ஒல்லி உடம்பு. நாங்கள் ஐயா என்று கூப்பிடுவோம். வந்த ரெண்டாம் நாள் பிரம்புகளை எல்லாம் வெளியே எடுக்கச் சொன்னார். பதினேழு இருந்தன. கொல்லையில் அவரைக்கொடி படர்வதற்கு அவற்றை நட்டுவிடச் சொன்னார்.

“அடிச்சா பிள்ளை சும்மா இருக்கும். ஆனா சும்மா இருக்கிறதுக்கா அது பள்ளிக்கூடம் வருது? சத்தம் போடுற பிள்ளைக்குக் கையில வேல இல்லன்னு அர்த்தம். வேலயக் குடுங்க” என்று வகுப்பில் சொன்னார். நான் வாசலில் நின்று கேட்டேன்.

சொல்வது சுலபம். பிரம்பு போன மறு வாரமே மாதிரிப் பள்ளி சந்தைக்கடை ஆகிவிட்டது. வாத்தியார் ஆகப் போகிறவர்கள் தொண்டை கட்டி, மிளகுக் கஷாயம் குடித்துக்கொண்டு திரிந்தார்கள். அங்கேதான் நான் நுழைந்தேன்.

அப்போது எனக்கு இருபத்து மூணு வயசு. ஆறடி உயரம். விழுப்புரம் ஸ்டேஷனில் மூட்டை தூக்கி வளர்ந்த உடம்பு. மீசை ரெண்டு பக்கமும் முறுக்கி நிற்கும். பள்ளிக்கூட மணியை அடிப்பவன் நான் என்பதால் பிள்ளைகளுக்கு நான் மணிக்காரர். சாமான் ரூமில் ஒரு எலும்புக்கூடு இருக்கிறது, சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளையை அதோடு வைத்துப் பூட்டிவிடுவேன் என்று ஒரு பேச்சு உலவியது. கிளப்பிவிட்டவனும் நான்தான். உண்மையில் அது உடம்புப் பாடத்துக்கான துணிப்படம். எலி கடித்து முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இருக்காது.

ஒருநாள் மணிக் கட்டையோடு மூணாம் வகுப்பு ஜன்னல் பக்கம் போனேன். உள்ளே ஒரு வாத்தியார் அழுகிற நிலையில் இருந்தார். நான் சும்மா எட்டிப் பார்த்தேன். அவ்வளவுதான், சுவரில் பல்லி நகர்ந்தால் கேட்கும். சாயங்காலம் அவர் என்னைத் தேடி வந்தார். “அண்ணே, வெள்ளிக்கிழம எனக்குப் பரீட்சப் பாடம். கொஞ்சம் ஜன்னலாண்ட வந்து நில்லுங்கண்ணே.”

நின்றேன். பாஸ் ஆனார். பேச்சு பரவிவிட்டது. பரீட்சைப் பாடம் என்றால் வெளியூர் அதிகாரி ஒருவர் வந்து வகுப்பின் முன்னால், ஜன்னலை ஒட்டி நாற்காலி போட்டுப் பிள்ளைகளைப் பார்த்து உட்காருவார், அரை மணி நேரம் பார்த்து மார்க் போடுவார். அதில் ‘கண்ட்ரோல்’ என்று ஒரு பகுதி. பிள்ளைகளைக் கட்டி நடத்துகிறாரா என்பதற்கான மார்க். அதில் போனால் எல்லாம் போச்சு. அதிகாரிக்கு முதுகு ஜன்னல் பக்கம். பிள்ளைகளுக்கு முகம் ஜன்னல் பக்கம். என்னைப் பிள்ளைகளுக்குத் தெரியும், அதிகாரிக்குத் தெரியாது. இதை விடத் தோதான இடம் எங்கே கிடைக்கும்? ஐயாவுக்கு இது தெரியாமல் பார்த்துக்கொண்டோம்.

இப்படி நான் கெட்டிக்காரனாக உலவிக்கொண்டிருந்தபோதுதான் அந்த அம்மாள் வந்து சேர்ந்தார்.

திருவாமாத்தூர்ப் பக்கம். இருபத்தைந்து வயசு இருக்கும். புருஷன் செத்து, நாலு வயசுப் பெண் குழந்தையை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுப் படிக்க வந்தவர். முந்தின வருஷம் வேறொரு பயிற்சிப் பள்ளியில் எழுத்துப் பரீட்சை எல்லாம் தேறி, கண்ட்ரோலில் மட்டும் போய்விட்டார். அவர் பாடத்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டே இருந்தார்களாம். இந்த வருஷம் அந்தப் பாடத்தை மட்டும் எங்கள் பள்ளியில் திரும்ப நடத்த வேண்டும். இதிலும் போனால் அண்ணன் இன்னொரு தடவை அனுப்ப மாட்டார். களை எடுக்க ஆள் வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார். குழந்தையைத் தன் சம்பாத்தியத்தில் வளர்க்கிற யோசனையும் அதோடு முடிந்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. நானே போய்ச் சொன்னேன். “டீச்சரம்மா, நீங்க கவலய உடுங்க. உங்க பாடத்தப்போ நான் நிக்கிறேன். ஒரு குஞ்சு கூட மூச்சு உடாது.”

“வேணாங்கண்ணா.”

“எல்லாரும் கேட்டுக்கினு வராங்க, நீங்க வேணான்றீங்களே?”

“பேர் பேரா பழகிக்கினு இருக்கேன். நீங்க வந்து நின்னா எல்லாம் கெட்டுப் பூடும். கோச்சுக்காதீங்க.”

கோபித்துக்கொண்டேன். பின்னே? நான் போய் ஒருத்தருக்கு உதவி செய்கிறேன் என்றால், அது வேண்டாமாம்.

ஆனாலும் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முதல் வாரம் அவர் பாடமே நடத்தவில்லை. முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் பெயரையும் பாடம் பண்ணினார். பிள்ளைகள் கத்தினால் இவர் குரலை இறக்குவார். இன்னும் கத்தினால் இன்னும் இறக்குவார். என்ன சொல்கிறார் என்று கேட்பதற்காகவே நாலு பேர் வாயை மூடுவார்கள். நல்லபடி உட்கார்ந்திருக்கிறவனைப் பார்த்து, “நீ ரெடியா? சரி, உன்னாண்டேர்ந்து ஆரம்பிக்கலாம்” என்பார். உடனே பக்கத்துப் பிள்ளையும் நிமிர்ந்து உட்காரும்.

அந்த வகுப்பில் ஒரு பெண் பிள்ளை இருந்தது. பேன் தலை, ஓட்டைப் பல். சிலேட்டுப் பலகையைத் தரையில் தட்டிக்கொண்டே இருக்கும். அடித்தும் நிறுத்தாது, கெஞ்சியும் நிறுத்தாது. நாலு வாத்தியார்களை அழ வைத்த பிள்ளை. இந்த அம்மாள் என்ன செய்தார் தெரியுமா? “உன் தட்டு நல்லா கேக்குதுடி. இனிமே வகுப்பு அமைதியாவணும்னா நீதான் தட்டணும். மூணே தட்டு. நான் தலையாட்டும்போது மட்டும்” என்றார். அன்றிலிருந்து அது பலகையை மடியில் வைத்துக்கொண்டு, அவர் தலையையே பார்த்துக்கொண்டிருந்தது. மூணு தட்டு கேட்டால் மற்ற பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டார்கள். விளையாட்டு மாதிரி.

நான் பார்த்தேன். நல்லாத்தான் இருந்தது. ஆனால் நம்பவில்லை. பரீட்சையன்றைக்கு அதிகாரி வந்து உட்கார்ந்தால் இந்தப் பலகைத் தட்டெல்லாம் நிற்குமா? ஒரு உயிரோட பிழைப்பு இதில் இருக்கிறதே என்றுதான் நினைத்தேன். கெட்ட எண்ணம் துளியும் இல்லை.

பரீட்சை நாள் வந்தது. காலையில் நாலு பேருக்குப் பாடம். நாலுக்கும் ஜன்னலில் நின்றேன், நாலும் பேஷாக நடந்தன. ஐந்தாவது இந்த அம்மாள். பாடம், நம் ஊர்ப் பயிர்கள். கேப்பைக் கதிர், சோகையோடு ஒரு கரும்பு, வேரோடு பிடுங்கின மல்லாட்டைச் செடி, அதான் நிலக்கடலைச் செடி, எல்லாம் மேசை மேல் இருந்தன. அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஜன்னலை ஒட்டி உட்கார்ந்தார். பக்கத்தில் ஐயா.

கால் கேட்கவில்லை எனக்கு. போய் ஜன்னலில் நின்றுவிட்டேன்.

அம்மாள் கேப்பைக் கதிரைத் தூக்கிக் காட்டி, “இது யார் வீட்டுல இருக்குது?” என்று கேட்டார். நேற்று வரைக்கும் நான் நீ என்று எழுந்து நின்ற பிள்ளைகள். ஒன்று கூட வாயைத் திறக்கவில்லை. முப்பத்தெட்டும் என்னையே பார்த்தன. கரும்பைக் காட்டினார். கரும்புக்குக் கூட ஒரு சிரிப்பு இல்லை. பலகைப் பெண் தலையைக் குனிந்துகொண்டு விட்டது. அதிகாரி ஏதோ எழுதினார்.

கத்தினால் மட்டுமா கண்ட்ரோல் போச்சு? கேட்ட கேள்விக்கு ஒரு பிள்ளை கூட பதில் சொல்லவில்லை என்றால் பாடமே நடக்கவில்லை என்றுதானே எழுதுவார்? அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மற்ற வாத்தியார்கள் கேள்வியே கேட்க மாட்டார்கள், அவர்களே பேசி முடித்துவிடுவார்கள். அவர்களுக்கு என் அமைதி போதும். இந்த அம்மாளுக்குப் பிள்ளைகளின் வாய் வேண்டியிருந்தது. அதை நான் பூட்டிவிட்டேன்.

நகர்ந்துவிடலாம் என்று காலை எடுத்தேன். அம்மாள் என்னைப் பார்த்துவிட்டார். அவர் முகம் வெளுத்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒரு நொடிதான். அப்புறம் சிரித்தார்.

“வாங்கண்ணா, உள்ள வாங்க. ஜன்னலாண்ட நின்னா பயிரு சரியா தெரியாது. வந்து இந்த மல்லாட்டைச் செடியப் புடிச்சிக்கினு நில்லுங்க. பசங்களா, மணிக்காரர் இன்னிக்கி நம்ப வகுப்பு. அவருக்குத் தெரியுமா தெரியாதான்னு நீங்கதான் கேக்கணும்.”

அதிகாரி திரும்பிப் பார்த்தார். ஐயாவும் பார்த்தார். ஓடவும் வழியில்லை. உள்ளே போய், செடியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றேன்.

யாரும் கேட்கவில்லை. அம்மாளும் காத்துக்கொண்டு நின்றார். கடைசியில் அந்தப் பலகைப் பெண்தான் எழுந்தது. “மணிக்காரரே, மல்லாட்ட பூவுலேர்ந்து வருதா, வேருலேர்ந்து வருதா?”

நான் ஸ்டேஷனில் வளர்ந்தவன். மல்லாட்டையை வறுத்துத் தின்றதோடு சரி. ஆனாலும் தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை. “இது தெரியாதா? வேருலேர்ந்துதான்” என்றேன் அதட்டலாக.

“தப்பூ!”

வகுப்பே கூரை பறக்கக் கத்தியது. ஒரு பையன் ஓடி வந்து என் கையில் இருந்த செடியைப் புரட்டிக் காட்டினான். “பூவு காஞ்சி, அதுலேர்ந்து விழுது எறங்கி மண்ணுக்குள்ள பூந்துக்கும். அதுல காய்க்கும். எங்கூட்டுல போட்டுக்கீறோம்.” இன்னொருத்தன், “இவ்ளோ பெரிய மீசைக்கு இது தெரில!” என்றான். அம்மாடி, அதற்கு ஒரு சிரிப்பு. பின்வரிசை எழுந்து நின்று ஆடியது.

எனக்கு வெட்கத்தை விட பயம்தான் பெரிசு. போன வருஷம் இவரைக் கவிழ்த்தது இதே சத்தம்தான். அதிகாரியின் பேனா நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

அம்மாள் அதட்டவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மடியில் இருந்த பலகை தரைக்கு வந்தது. டக், டக், டக். முப்பத்தெட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தன. ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் அம்மாள் மேல்.

அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு, மிச்சப் பாடத்தைக் கையைக் கட்டிக்கொண்டே பார்த்தார்.

வெளியே வந்ததும் என்னைக் கூப்பிட்டார். “யாருய்யா நீ?”

“பியூனுங்க.”

“காலையில நாலு வகுப்புலயும் நீ அங்கதான் நின்னியா?”

பொய் சொல்லியிருக்கலாம். ஐயா பக்கத்தில் நின்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். “ஆமாங்க. மூணு வருஷமா நிக்கிறேங்க” என்றேன்.

“அப்ப நான் உனக்குத்தான் மார்க் போட்டுக்கினு இருந்தேனா?” என்றார் அதிகாரி.

வேலை போச்சு என்று நின்றேன். அவர் ஐயாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “ரயிலடிக்குப் போயி சாயங்கால வண்டி எப்பன்னு கேட்டுக்கினு வா. ஜல்தி வராத, மெதுவாவே வா” என்றார். மத்தியானம் முழுக்க ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் பாடம் நடத்திய ரெண்டு பேர் பட்ட பாட்டைப் பிறகு கேள்விப்பட்டேன். அவர்களிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டியிருந்தது. ஐயா மட்டும் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஒன்றரை மாசம் கழித்து ரிசல்ட் தபாலில் வந்தது. பெயர் இல்லை, நம்பர்தான். அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது என் வேலை. அன்றைக்குக் காலையிலேயே அந்த அம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரயிலேறி வந்துவிட்டார். பலகைக்குப் பக்கத்தில் வரவே இல்லை. வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டு, “அண்ணா, நீங்களே பாருங்க” என்று நம்பர் எழுதிய சீட்டை நீட்டினார்.

எனக்கு எழுத்துதான் தகராறு, நம்பர் நல்லா வரும். ஆனாலும் அன்றைக்கு ஒவ்வொரு நம்பராக விரலை வைத்துத்தான் படித்தேன். மூணாவது வரிசையில் இருந்தது. சத்தமாகப் படித்தேன்.

“இன்னொரு தபா படிங்கண்ணா.”

படித்தேன். மறுபடியும் கேட்டார், மறுபடியும் படித்தேன். குழந்தை அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, “ஏம்மா அழுவுற?” என்றது. ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழந்தையைக் கீழே இறக்கி, கையைப் பிடித்துக்கொண்டு ஐயாவின் ரூமுக்கு நடந்தார். கதவு திறந்துதான் இருந்தது. “ஐயா” என்று கூப்பிட்டது எனக்குக் கேட்டது. நான் மணிக் கட்டையை எடுத்துக்கொண்டு மணியடிக்கப் போனேன்.