கட்டில் காலும் என் தாடையும்

அண்ணனின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் பெரியோர்களுக்கும் சொந்தபந்தங்களுக்கும் தம்பியின் வணக்கம். அண்ணனை அமைதியின் வடிவம் என்று நான் எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். அவர் கையால் அறை வாங்காதவர்கள் இந்தப் பந்தலில் குறைவு. எனவே இந்த நினைவு மலரில் உள்ளதை உள்ளபடியே எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது அகரத்தில். அப்பா காலமானபோது அவருக்குப் பதினைந்து வயது, எனக்கு ஒன்பது. திண்டுக்கல்லில் ஒரு லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே முதலாளி ஒருநாள் அம்மாவைப் பற்றிக் கேவலமாகப் பேச, அண்ணன் அவர் கழுத்தைப் பிடித்து இரும்புச் சுருள் குவியலில் தள்ளிவிட்டு அன்றோடு வெளியேறினார். பிறகு பழைய லேத் ஒன்றைப் போட்டுச் சொந்தமாகப் பட்டறை வைத்து, அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். பட்டறைக்கு எதிரே ஒருவன் பெண்டாட்டியை நடுரோட்டில் போட்டு மிதித்தபோது தெருவே வேடிக்கை பார்த்தது. அண்ணன் ஒருவர்தான் ஸ்பேனரோடு இறங்கினார். அன்று அவனுடைய முன்பல் இரண்டும் போயின. அதற்காக அண்ணன் வருத்தப்பட்டதில்லை. நானும்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்ததைத்தான் இனிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் பேனாவையே எடுத்தேன். அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. அண்ணனோடு பட்டறையில் வேலை பார்த்தேன். அம்மாவின் தம்பியான எங்கள் மாமா, தம் மகளை அண்ணனுக்குக் கொடுப்பதாகப் பேசி முடித்து, தாடிக்கொம்பு கோயிலில் கல்யாணத்துக்கு நாளும் பார்த்திருந்தார்.

அந்தச் சமயத்தில் ஒரு தச்சர் வேப்பமரத்தில் கட்டில் கால்கள் கடைந்து கேட்டார். மேலே பருத்து, கீழே மெலியும் கால்கள். எங்களுடையதோ இரும்பு கடையும் லேத். கட்டையை இரண்டு முனையிலும் கூர் குத்திப் பிடித்திருக்கும். வலப்பக்கக் கூர் பொருந்தியிருக்கும் டெயில் ஸ்டாக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தி வைத்தால், கட்டை சாய்ந்து நிற்கும். கடையும் டூல் நேராகப் போனாலும் மரம் ஒரு பக்கம் மெலிந்துகொண்டே வரும். வேலை முடிந்ததும் டெயில் ஸ்டாக்கைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஒருநாள் சாயங்காலம் நான் அதை மறந்து தொலைத்தேன். மறுநாள் காலை அண்ணன் ஒரு விவசாயியின் பம்பு ஷாஃப்டைக் கடைந்தார். அதுவும் ஒரு பக்கம் மெலிந்து வீணாய்ப் போனது.

"ஏலே, இது என்னலே ஷாஃப்டா, முள்ளங்கியா?" என்று கேட்டு முடிப்பதற்குள் கன்னத்தில் அறை விழுந்தது.

"கை நீட்டுற வேலையெல்லாம் வச்சுக்காதண்ணே!" என்று நானும் அவர் சட்டையைப் பிடித்தேன். இருவரும் ரோட்டில் கட்டி உருண்டோம். டீக்கடையில் நின்றவர்கள்தான் பிரித்துவிட்டார்கள். அதைத் தெருவே பார்த்தது.

மத்தியானம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மீதிக் கால்களைக் கடைய நின்றோம். அண்ணன் டூல் பக்கம், நான் டெயில் ஸ்டாக் பக்கம். கூர் குத்தியிருந்த இடத்தில் மரம் கீச்சிட்டுப் புகைந்தது. இரும்பாக இருந்தால் சூட்டில் நீளும். புகை வந்தால், கூர் முனையை அழுத்தும் டெயில் ஸ்டாக் சக்கரத்தைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். மரம் அப்படியில்லை. கூர் பட்ட இடம் கருகித் துளை பெரிதாகி, கட்டை ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும். உடனே இறுக்க வேண்டும்.

"இறுக்குலே! இறுக்கு!" என்று அண்ணன் கத்தினார். அவர் மேல் இருந்த ஆத்திரத்தில் அதைக் காதிலேயே வாங்காமல், இரும்புக்குப் பழகிய கையால் சக்கரத்தைத் தளர்த்தினேன். சுழன்றுகொண்டிருந்த கட்டை பிய்த்துக்கொண்டு பறந்து வந்து என் தாடையில் இறங்கியது. வாயெல்லாம் ரத்தம். நான்கு பற்கள் தரையில் கிடந்தன. அண்ணன் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்ததால் என்னால் பேச முடியவில்லை. காலையில் நடந்த சண்டையின் செய்தி அதற்குள் சொந்தத்துக்கெல்லாம் பரவிவிட்டது. மாமா வந்து குனிந்து கேட்டார். "அப்பு, ஒங்கண்ணன்தான் அடிச்சானா?"

அண்ணன் பக்கத்திலேயே நின்றார். காலையில் வாங்கிய அறை எனக்குள் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

மாமா பெல்ட்டை உருவி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அண்ணனை விளாசினார். "கூடப் பொறந்தவன் மூஞ்சிய ஒடைக்கிறவனுக்கா எம் பொண்ணக் குடுப்பேன்?" யாருக்கும் அடங்காத அண்ணன் அன்று கையைக்கூடத் தூக்கவில்லை. ஏன் வாயைத் திறக்கவில்லை என்று பல வருடம் கழித்துக் கேட்டேன். "காலையில அடிச்சது நாந்தானலே. அந்தக் கோவத்தோட ஒன்னய மெசின் முன்னாடி நிப்பாட்டுனதும் நாந்தான்" என்றார்.

கல்யாணம் நின்றது. இரண்டு வருடம் கழித்து மாமா அதே பெண்ணை எனக்குக் கொடுத்தார். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. கட்டிக்கொண்டேன். வெட்கங்கெட்டவன், வேறென்ன சொல்ல? அண்ணன் பட்டறை மாடியிலேயே தனியாக இருந்துவிட்டார். என் பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சுவார். என் வீட்டில் ஒரு வாய் சாப்பிட மாட்டார். என் சொந்தங்களே, நீங்களும் அவருக்கு வேறு பெண் கொடுக்கவில்லை.

அண்ணன் சிறுநீரகம் கெட்டு மதுரை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, "எல்லாருகிட்டயும் உண்மையச் சொல்லிர்றேண்ணே" என்றேன். எவர்சில்வர் டம்ளர் பறந்து வந்து சுவரில் மோதியது. "வாயத் தொறந்த, செத்தாலும் எந்திரிச்சு வந்து மிதிப்பேன். ஒன்னயக் கட்டுன அந்தப் புள்ள நிம்மதியா இருந்துட்டுப் போகட்டும்லே." மறுவாரம் போய்விட்டார். அவர் பேச்சை நான் மீறும் கடைசித் தடவை, இதை எழுதுவதுதான்.

அண்ணனை முகம் சுளிக்காமல் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் நர்சுகளுக்கும், கேட்காமலே ரத்தம் கொடுத்த பட்டறைத் தெரு நண்பர்களுக்கும், இரவு பகலாகத் துணையிருந்த, அன்று கட்டில் கால் கேட்ட அதே தச்சருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி வரி வரை கேட்டாள். பிறகு எழுந்து வந்து, ஒட்டவைத்த இந்தத் தாடையிலேயே ஓங்கி ஓர் அறை விட்டாள். "அந்த மனுசன எங்கப்பா அடிச்சப்போ நானும் வராந்தாவுலதான் நின்னேன். நல்லா வேணும்னு நெனச்சேன்" என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. ஆனால் அதுவரை எழுதிய தாள்களை அச்சகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தது அவள்தான்; இந்த வரிகளைப் பிழை திருத்தும்போது சேர்க்கிறேன்.

மாமா, முதல் மலரை உங்கள் கையில் தருவதும் அவள்தான். வாசித்து முடித்ததும் பெல்ட்டோடு எழுந்து வாருங்கள். நான் பந்தல் வாசலில்தான் நிற்கிறேன்.