காப்பு கை மாறிய நாள்

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் அந்த அறையில் இருந்தவர்கள் இவர்கள். டாக்டரம்மா. பக்கத்தில் ஒரு நர்ஸ். என் வீட்டுக்காரர் மாணிக்கம். அவர் தம்பி சேகர். சுவரோரம் நான்.

டாக்டரம்மா சொன்னார். "ஈரல் சுருங்கிடுச்சு. இனிமே மருந்துக்குக் கேக்காது. மாத்து ஈரல் வைக்க உடம்பு தாங்குமான்னு பாக்கணும். சென்னைக்கு எழுதித் தரேன்."

அப்புறம் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"மாத்தறதுக்கு அது இன்னா டயராம்மா?"

நர்ஸ் சிரித்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அதில்தான் எனக்கு விஷயம் புரிந்தது.

என் வீட்டுக்காரர் வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிறவர். நம் ஊர் மலையடிவாரம்தானே. அதற்கு முந்தின வாரம் மலைப்பாதை வளைவில் வண்டியை ஓரம் கட்டியிருக்கிறார். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு உட்கார்ந்து ரத்த வாந்தி எடுத்திருக்கிறார். வண்டியில் இருந்த ஜனங்கள்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கல் வைத்த பிறகுதான் உட்கார்ந்தார் என்று அவர்கள் சொன்னதை நான் மறக்கவில்லை.

சென்னையில் பக்கத்துக் கட்டில்காரரின் சம்சாரம் கேட்டார்.

"எந்த ஊரு?"

"கள்ளக்குறிச்சிங்க."

"அப்ப குடிதான்."

அவர் குடித்ததே இல்லை. காமாலைக் கிருமி பல வருடமாக உள்ளே இருந்ததாம். கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு ஊர்ப் பேரைச் சொன்னால் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். நெஞ்சைப் பார்த்தார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டார்கள். பல்லைக்கூடப் பார்த்தார்கள். அப்புறம் யார் ஈரல் கொடுப்பது என்று கேட்டார்கள். நான் தருகிறேன் என்றேன். என் ரத்தம் சேரவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. சேகர் முன்னால் வந்தான். அவன் ரத்தம் சேர்ந்தது. ஆனால் ஸ்கேன் பார்த்துவிட்டு அவனையும் வேண்டாம் என்றார்கள்.

"என் ஈரல்ல கொழுப்பாம் அண்ணி" என்றான். முகம் செத்துப்போயிருந்தது.

"உனுக்கு வாயிலதான் கொழுப்புன்னு நெனச்சிக்கினு இருந்தன்" என்றார் என் வீட்டுக்காரர். அவன் அழுதுவிடக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னார். அவன் வெளியே போய் அழுதான்.

இறந்துபோன யாருடைய ஈரலாவது வந்தால் வைக்கலாம், வரிசையில் பெயர் எழுதுகிறோம், போன் வந்தால் உடனே வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஊருக்கு வந்தோம். அவர் கண் மஞ்சளாகவே இருந்தது. வயிறு வீங்கியது. கால் வீங்கியது. ஜீப்பை விற்கவில்லை. வாசலில் நின்றது.

நான் நம் மாரியம்மன் கோவிலுக்குப் போனேன். தாயே, ஒரு ஈரல் கொடு என்று கேட்டேன். மறுநாளும் போய்க் கேட்டேன். பாதியில் வாய் நின்றுவிட்டது. ஈரல் எங்கிருந்து வரும்? ஒரு வீட்டில் சாவு விழவேண்டும். அதைத்தானே நான் கேட்கிறேன்? என் தாலிக்காக இன்னொருத்தி தாலியைக் கேட்கிறேன். இல்லையென்றால் ஒரு தாயிடம் பிள்ளையைக் கேட்கிறேன்.

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. விளக்குப் போடுவேன். உனக்குத் தெரியும் என்பேன். அவ்வளவுதான். அழவும் வரவில்லை.

சித்திரையில் நம் ஊர்த் திருவிழா வந்தது. தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போட்டு நிறுத்துவது எங்கள் வீட்டு உரிமை என்று ஊர்க்காரர்கள் உங்களுக்குத் தெரியும். அவரால் வாசலைத் தாண்டி நடக்க முடியாது. ஆனாலும் பூசாரி மாமா வீட்டுக்கே வந்து அவர் கையில் காப்பு கட்டினார். காப்பு கட்டினால் தேர் நிலைக்கு வரும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

மறுநாள் மத்தியானம் போன் வந்தது.

"ஈரல் வந்திருக்கும்மா. உடனே கூட்டிட்டு வாங்க. சாப்பிட எதுவும் கொடுக்காதீங்க."

சேகர் வேன் பிடிக்க ஓடினான். என் வீட்டுக்காரர் கட்டிலை விட்டு எழவில்லை.

"காப்பு கட்டிக்கினு நான் எல்லையத் தாண்டமாட்டன். வேற யாருக்கனா வைக்கச் சொல்லு."

சேகர் வேனோடு வந்து இதைக் கேட்டான். "இன்னாண்ணா பேசற நீ? ஈரல் உனுக்கோசரம் உக்காந்துகினு இருக்குமா?"

"எங்கப்பன் தாண்டல. நானும் தாண்டல. தேரு எவன் மேலனா ஏறிச்சின்னா நீ பதில் சொல்லுவியாடா?"

அவர் பயம் தன் உயிரைப் பற்றி இல்லை. தான் காப்போடு எல்லை தாண்டி, அதனால் தேர் யார் மேலாவது ஏறிவிடுமோ என்பதுதான். பூசாரி மாமாவிடம் ஓடினேன். அவர் வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"மாணிக்கம், இத்தினி நாளா ஆத்தாகிட்ட இன்னா கேட்ட?"

"ஒண்ணும் கேக்கல மாமா."

"கேக்காமயே குடுக்கறா. காப்பச் சொல்லி வேணான்னா அவளுக்கே அது மரியாதியா? வூட்டுக்கு ஒரு கை இருந்தா போதும். கையக் குடு."

காப்பை அவிழ்த்தார். என்னைக் கூப்பிட்டார். என் கையில் கட்டினார்.

"இனிமே நீ தாண்டக் கூடாது, மருமவளே. கட்டையும் நீதான் போடணும்."

"சரிங்க மாமா."

அப்போதுதான் என் வீட்டுக்காரருக்கு உறைத்தது. நான் கூட வரமுடியாது. வேனில் ஏற்றும்போது என் கையைப் பார்த்தார்.

"தனியா இருப்பியா நீ?"

"இருக்கறன். போங்க."

எல்லைக் கல் வரை வேன் பின்னாலேயே போனேன். அங்கே நின்றுகொண்டேன்.

அவரை அறுத்தபோது நான் அங்கே இல்லை. கண் விழித்தபோதும் இல்லை. சேகர்தான் போனில் சொன்னான். "ஜீப்பு சாவி எங்கன்னு கேக்கறாரு அண்ணி." சரி என்று போனை வைத்தேன். மாடத்தில் விளக்குப் போட்டேன்.

தேர் அன்று கட்டையைத் தூக்கிக்கொண்டு சக்கரத்தின் பக்கம் நடந்தேன். நம் ஊரில் பொம்பளை கட்டை போட்டது அதுதான் முதல் தடவை. யாரும் தடுக்கவில்லை. கோவில் திருப்பத்தில் போட்டேன். தேர் நின்றது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் பிழைத்ததற்கு அழுகிறேன் என்று பெண்கள் தட்டிக்கொடுத்தார்கள். அதற்கு இல்லை. எங்கோ ஒரு வீட்டில் அன்று காரியம் நடந்துகொண்டிருக்கும். அந்தச் சாவுக்கு அழ என்னை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் அழுதேன்.

காப்பு அவிழ்த்த பிறகு சென்னைக்குப் போனேன். அவர் கண் வெள்ளையாக இருந்தது. ஈரல் கொடுத்தவர் யார் என்று அங்கே ஒரு நர்ஸம்மாவிடம் கேட்டேன். சொல்லக் கூடாதாம். "ஆணா பொண்ணான்னாவது சொல்லுங்க" என்றேன். அந்த அம்மா தலையை ஆட்டினார். "வேணாம்மா."

இப்போது அவர் முகமூடி போட்டுக்கொண்டு கோவில் பிராகாரத்தில் நடக்கிறார். கூட்டத்துக்கு வருவதில்லை. வேளை தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறார். ஜீப்பை இப்போது சேகர் ஓட்டுகிறான். நான் முன்பு போல அது வேண்டும் இது வேண்டும் என்று அம்மனிடம் கேட்பதில்லை. கேட்க முடியாமல் வாயடைத்து நிற்கிறவர்கள் உங்களில் இருந்தால், சும்மா போய் நில்லுங்கள். அவளுக்குத் தெரியும். இது நான் கண்டது.

எங்கள் வீட்டில் ஆடி அமாவாசைக்கு மாமனாருக்கு ஓர் இலை, மாமியாருக்கு ஓர் இலை போடுவோம். இந்த ஆடியில் இன்னொன்று போட்டோம். வேட்டி வைப்பதா சேலை வைப்பதா என்று தெரியவில்லை. ஒரு புதுத் துண்டு வைத்தேன். கொடுத்தவருக்கு என்ன பிடிக்கும் என்றும் தெரியாது. என் வீட்டுக்காரருக்குப் பிடித்ததை வைத்தேன். அவர் முகமூடியைக் கழற்றிவிட்டு அந்த இலைக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார்.

இலை மூன்று.