முதலில் வீட்டார் பார்க்கட்டும்

அக்காவின் முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நான் அக்காவின் ஒரே தம்பி. நான் கூட்டத்தில் பேசுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். மண்டபத்தில் யாராவது ஒலிவாங்கியை என்னிடம் நீட்டிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் இதை எழுதச் சம்மதித்தேன். படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கா ஏன் திருமணம் செய்யவில்லை என்று உங்களில் பலர் பல வருடங்களாகக் கேட்டு வருகிறீர்கள். அக்காவிடம் கேட்கத் துணிவில்லாதவர்கள் என்னிடம் கேட்டீர்கள். என்னிடம் கேட்டுக் களைத்தவர்கள் என் மனைவியிடம் கேட்டீர்கள். அதற்கான பதிலை இந்த மலரில் எழுதிவிட வேண்டும் என்று நான் மிகவும் விரும்பினேன். எழுதினால் என் மனப்பாரமும் குறையும் என்று நினைத்தேன். அது என்னவாயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அக்கா யாழ்ப்பாணக் கடலோரத்தில் மீன்பிடிக் குடும்பம் ஒன்றில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். கன்னியர் மடப் பாடசாலையில் உயர்தரம் வரை படித்தார். தவக்காலத்தில் கோயிலில் இயேசுவின் பாடுகளை ஒப்பாரியாகச் சொல்லும் பசாம் பாடுவதற்கு அவரைத்தான் முன்னுக்கு விடுவார்கள். போர் தொடங்கி, ஐயா கடலுக்குப் போக முடியாமல், நாங்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோது என் படிப்பு நின்றது. அக்கா தனியாக டென்மார்க் வந்து சேர்ந்தார். இக்காஸ்ட் என்ற ஊரில் இருக்க இடமும், துணி ஆலையில் தையல் வேலையும் கிடைத்தன. சில வருடங்களில் என்னையும் கூப்பிட்டுக்கொண்டார்.

ஆலையில் அக்காவுக்கு அடுத்த இயந்திரத்தில் மேபல் அன்ரி இருந்தார். அவர் அமெரிக்காவின் தென்பகுதியில் பிறந்த கறுப்பினப் பெண், டெனிஷ்காரர் ஒருவரை மணந்து இங்கே வந்தவர். இயந்திரம் ஓட ஓட அவர் தன் ஊர்த் தேவாலயப் பாட்டுகளைப் பாடுவார். அக்கா பதிலுக்குப் பசாம் பாடுவார். ஒருவர் பாடுவது மற்றவருக்கு விளங்காது. ஆனாலும் இரண்டும் துக்கப் பாட்டு என்பது இருவருக்கும் விளங்கியதாம்.

மேபல் அன்ரி தன் வீட்டாரின் பழைய உடுப்புகளிலிருந்து துண்டு வெட்டி, ஒட்டுத்துணிப் போர்வைகள் தைப்பார். இது அம்மாவின் சமையல் அங்கி, இது மாமாவின் சட்டை என்று ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கதை சொல்வார். கோப்பி இடைவேளையில் அக்கா அவற்றை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார். பிறகு ஊர் நூலகத்தில் கேட்டு, போர்வைகளைச் சுவரில் தொங்கவிட்டு, ஒரு சிறு கண்காட்சி வைத்தார். அதுதான் அக்காவின் முதல் கண்காட்சி. அங்கேதான் அவர் தன் பெரிய பிழையைச் செய்தார்.

ஒரு நீலத் துண்டு யாருடையது, அவருக்கு என்ன நடந்தது என்று மேபல் அன்ரி சொன்னதை அப்படியே அட்டையில் எழுதி ஒட்டியிருந்தார். அது என்ன என்று நான் இங்கே எழுதமாட்டேன். மேபல் அன்ரி திறப்பு விழாவுக்கு வந்தார், அட்டையை வாசித்தார், கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன்பின் ஆறு கிழமை அடுத்த இயந்திரத்தில் இருந்துகொண்டே அக்காவோடு பேசவில்லை. நான் அப்போதுதான் டென்மார்க் வந்திருந்தேன். அக்கா சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழும்புவதைப் பார்த்து, என்னால்தான் ஏதோ துன்பம் என்று நினைத்தேன்.

ஏழாவது கிழமை மேபல் அன்ரி இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "நான் அதை உனக்குச் சொன்னேன், சுவருக்குச் சொல்லவில்லை. இனி எனக்கு முதலில் காட்டு," என்றாராம். பிற்காலத்தில் இதை அவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். அதனால்தான் இவ்வளவையும் எழுதத் துணிந்தேன்.

அக்கா மாலை வகுப்புகளுக்குப் போய் மொழியைப் படித்தார். பின்னர் நூலகப் பயிற்சி முடித்து, கோப்பன்ஹேகனில் ஒரு கலாசார நிலையத்தில் சேர்ந்தார். குடியிருப்பு பக்கத்து ஊரான டோஸ்ட்ருப்பில். இருபது வருடங்களுக்கு மேலாக அந்த நிலையத்தில் ஆபிரிக்க அமெரிக்க மக்களின் கலை, சரித்திர நிகழ்ச்சிகள் எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. அமெரிக்காவிலிருந்து வந்து கோப்பன்ஹேகனிலேயே தங்கிவிட்ட இசைக் கலைஞர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் தேடித்தேடிப் பிடித்தார். படங்கள், கடிதங்கள், சமையல் குறிப்புகள், பாட்டுகள் எல்லாவற்றையும் பொறுமையாகச் சேர்த்தார். பாடகர் குழுக்களையும் நடனக்காரரையும் அழைத்தார். வருடம் ஒருமுறை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நீளமான மேசை போட்டு, வருகிறவர் எல்லோரும் ஒரு கறியும் ஒரு பழைய படமும் கொண்டுவர வேண்டும் என்று வைத்தார். அக்காவின் இறால் வடை அந்த மேசையில் முதலில் முடியும்.

ஒவ்வொரு கண்காட்சியும் திறப்பதற்கு முந்திய நாள் பிற்பகல் கதவைப் பூட்டிவிட்டு, பொருள் கொடுத்த குடும்பத்தாரை மட்டும் உள்ளே விடுவார். "முதலில் வீட்டார் பார்க்கட்டும்" என்பார். அவர்கள் எதை எடுக்கச் சொன்னாலும் எடுப்பார். ஏன் என்று கேட்கமாட்டார்.

எங்கள் ஆட்களிடம் அக்காவின் இந்த வேலை எடுபடவில்லை. இக்காஸ்டில் ஒரு முதல் நன்மை விருந்தில், எல்லோருக்கும் கேட்கச் சித்தப்பா கேட்டார்.

"ஏன் பிள்ளை, எங்கடை சனத்துக்குச் சரித்திரம் இல்லையோ? நீ ஏன் அவையளின்ரையைக் காவிக்கொண்டு திரியிறாய்?" 'அவையள்' என்ற இடத்தில் அவர் சொன்னது வேறு சொல். அதை நான் எழுதமாட்டேன்.

"எங்கடையைச் சொல்லத்தான் நீங்கள் இருக்கிறியளே சித்தப்பா. ஒரு விருந்திலை எண்டாலும் வாய் ஓய்ஞ்சிருக்கோ?" என்றார் அக்கா. சித்திதான் முதலில் சிரித்தார். பிறகு அக்கா சிரிக்காமல், "அந்தச் சொல்லை இனி எனக்கு முன்னாலை சொல்லாதேங்கோ. மேபல் அன்ரியின்ரை சாப்பாட்டிலைதான் நான் இந்த ஊரிலை முதல் மாரியைக் கழிச்சனான்," என்றார். சித்தப்பா அதன்பின் அக்கா முன்னால் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. வாழை இலை வேண்டும் என்று சாக்குச் சொல்லி எழும்பிப்போனது மட்டும் நினைவிருக்கிறது.

நான் அப்போது வாய் திறக்கவில்லை. யாராவது கேட்டால், அக்காவுக்கு நூலகத்தில் வேலை என்று மட்டும் சொல்லிவந்தேன். கறுப்பின மக்களின் சரித்திரத்தோடு வேலை என்று சொல்ல எனக்கு வெட்கம். நிறத்தைப் பற்றி எங்கள் ஆட்களின் வாயில் வரும் கதைகளுக்குப் பயம். அக்கா வாங்கித் தந்த வாழ்வை வாழ்ந்துகொண்டு, அவர் வேலையை மறைத்தேன்.

ஒருமுறை, மேபல் அன்ரியின் போர்வைகளைத் திரும்பவும் தொங்கவிட வேண்டும், ஏணியில் ஏற நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று அக்கா கூப்பிட்டார். விடுமுறை எடுத்துக்கொண்டு இக்காஸ்டிலிருந்து ரயிலில் போனேன். அதே கண்காட்சியில், காலமாகிவிட்ட ஓர் இசைக் கலைஞரின் பொருட்களும் இருந்தன. நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் தன் சகோதரருக்கு எழுதி அனுப்பாமல் விட்ட கடிதம். எல்லோரும் பேசியது அதைப் பற்றித்தான். அழைப்பிதழிலேயே அதன் முதல் வரியை அச்சடித்திருந்தார்கள். கலைஞரின் மகள் இங்கே பிறந்தவர், முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். தகப்பனின் பெட்டியைத் திறந்து பார்க்க மனம் வராமல் அப்படியே அக்காவிடம் கொடுத்திருந்தார்.

வீட்டார் பார்க்கும் பிற்பகலில் அவர் வந்து, குனிந்து நின்று கடிதத்தை வாசித்தார். நான் ஏணியில் இருந்தேன். அவர் நிமிர்ந்து, "இதை எடுக்கலாமா?" என்று கேட்டார். அக்கா திறப்பை எடுத்துப் பெட்டியைத் திறந்து, கடிதத்தை உறையிலிட்டு அவர் கையில் கொடுத்தார்.

நிலையத்தின் அன்றைய பொறுப்பாளர் ஓடிவந்தார். அழைப்பிதழ் எல்லோருக்கும் அனுப்பியாகிவிட்டது, பத்திரிகைக்காரர் நாளை இதைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்றார். அக்கா, "அழைப்பிதழ் எங்களுடையது, அதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். கடிதம் அவருடையது," என்றார்.

அக்காவின் வீட்டுக்குப் போகும் வழியில் நான், "வேலை போயிடுமோ அக்கா?" என்றேன்.

"போனால் உன்னோடை வந்து இருப்பன். உன்ரை மனுசி சமைக்கிறது நல்லாத்தானே இருக்கு."

"பகிடி விடாதேங்கோ."

"தம்பி, மேபல் அன்ரி ஆறு கிழமை கதைக்காமல் இருந்ததைவிட இது பெரிசில்லை."

வேலை போகவில்லை. ஆனால் அடுத்த வருட நிகழ்ச்சியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, அக்காவைப் பெட்டிகளுக்கு இலக்கம் ஒட்ட விட்டார்கள். அக்கா ஒட்டினார். அந்த வருடம் ஒரு குடும்பமும் புதிதாக எதையும் கொடுக்கவில்லை. வந்தவர்களும், கடிதத்தைத் திருப்பிக் கொடுத்த அந்தப் பெண் எங்கே என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். அதற்கடுத்த வருடம் அக்காவைத் திரும்பவும் கூப்பிட்டார்கள்.

ஓய்வு பெற்ற கொஞ்சக் காலத்தில் வருத்தம் வந்தது. இது மாறாத நோய், நாள் அதிகம் இல்லை என்று வைத்தியர்கள் ஒளிக்காமல் சொன்னார்கள். அக்கா வீட்டிலேயே இருக்க விரும்பினார். நான் வேலையில் விடுப்பு எடுத்து டோஸ்ட்ருப்புக்கு வந்தேன். ஒரு காலை என்னிடம், "நினைவு மலருக்கு நீதான் எழுதப்போறாய். எழுதிப்போட்டு எனக்கு வாசி. நானும் வீட்டார்தானே," என்றார்.

எழுதினேன், ஐந்து தாள். குசினி மேசையில் இருந்து வாசித்தேன். முதல் தாளில் 'தெய்வப் பிறவி' என்று எழுதியிருந்தேன்.

"இது ஆர்?"

"நீங்கள்தான் அக்கா."

"வெட்டு. எனக்குக் கோபம் வாறதை எழுது."

ஆகவே எழுதுகிறேன். அக்காவுக்குக் கோபம் வரும். பழைய படத்தை வெறும் விரலால் தொட்டால் வரும். சொன்ன நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் பிந்தி வந்துவிட்டு, தமிழர் என்றால் அப்படித்தான் என்று சிரித்தால் வரும்.

அவர் வேலையை நான் மறைத்ததை எழுதிய பகுதியை வாசிக்கும்போது இடையில் நிறுத்தினேன். "இதை எடுக்கவோ அக்கா?" என்றேன்.

"அது உன்ரை கதை. வைக்கிறதும் எடுக்கிறதும் உன்ரை விருப்பம்."

"உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"இந்தச் சின்ன நாட்டிலை இருக்கிற தமிழருக்குள்ளை எனக்குத் தெரியாமல் இருக்குமே? வாசி."

நான்காவது தாள் நீங்கள் எல்லோரும் கேட்கும் கேள்விக்கான பதில். அதையும் வாசித்து முடித்தேன்.

"இந்தத் தாளை எடு தம்பி."

"பிழையோ?"

"பிழை எண்டும் சொல்லேல்லை, சரி எண்டும் சொல்லேல்லை. எடு."

"நான் நன்றி சொல்ல வேணும் அக்கா."

"சொல்லிப்போட்டாய். நான் கேட்டிட்டன். சனத்துக்கு என்னத்துக்கு?"

"அவையள் என்னை விடமாட்டினமே. கேட்டால் நான் என்ன சொல்ல?"

"கேக்கட்டும். நீ எல்லாத்தையும் எழுதிப்போட்டால், சனம் ரோல்சைக் கடிச்சுக்கொண்டு என்னத்தைக் கதைக்கிறது?"

இருவரும் சிரித்தோம். அக்காவுக்கு இருமல் வந்தது. தாளைக் கிழிக்கப் போனேன். "கிழியாதை, தா," என்று வாங்கி, நான்காக மடித்துத் தன் செபப் புத்தகத்துக்குள் வைத்தார். மூன்று கிழமையில், ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், என் மனைவி செபமாலை சொல்லிக்கொண்டிருக்க அமைதியாகப் போனார். செபப் புத்தகத்தை அவர் கைகளுக்குள் வைத்தேன். திறந்து பார்க்கவில்லை. அது அவருடனேயே போயிற்று.

வீட்டுக்கு வந்து பார்த்த தாதிமாருக்கும், நற்கருணை கொண்டுவந்த பங்குத்தந்தைக்கும், முறை வைத்துச் சோறு கொண்டுவந்த டோஸ்ட்ருப் குடும்பங்களுக்கும், பேருந்து பிடித்து வந்த இக்காஸ்ட் உறவுகளுக்கும் எங்கள் நன்றி. அடக்க நாளில் பாடிய ஆபிரிக்க அமெரிக்கப் பாடகர் குழுவுக்கும், அவர்களுக்கு முதல் வரிசையில் இடம் விட்டு எழும்பிய சித்தப்பாவுக்கும் நன்றி. கடிதத்தைத் திரும்ப வாங்கிய அந்த மகள் ஞாயிறுதோறும் வந்து அக்காவின் தலையைக் கழுவி வாரிவிட்டார். அவரைப் பற்றி எவ்வளவு எழுதலாம் என்று கேட்டேன். இவ்வளவு போதும் என்றார். அவருக்கு என்ன சொல்லி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீட்டுக்கு எப்போதும்போல வாருங்கள். அந்தக் கேள்வியோடு வருகிறவர்களும் வாருங்கள், தேநீர் தருவோம். பதில் அக்காவிடம் இருக்கிறது.