பெட்டியில் கலந்துபோன தோட்டா

எழுபதுகளின் நடுவில், நான் டொராண்டோவுக்கு வந்த மூன்றாவது ஆண்டு அது. ஸ்காபரோவில் என்னோடு வேலை செய்த யாழ்ப்பாணத்து நண்பன் நேசன் என்னைத் துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்த்துவிட்டான். சுட்டு முடித்த தோட்டாக்களின் வெற்றுக் கூடுகளில் வெடிமருந்து நிரப்பி மீண்டும் பயன்படுத்தும் பழக்கம் அங்கேதான் தொற்றியது.

முதல்முறையாக வீட்டில் தனியாக ஐம்பது தோட்டா செய்தேன். நடுவில் தொலைபேசி அடித்தது. பேசிவிட்டு வந்தால், கையிலிருந்த கூட்டில் மருந்து போட்டேனா இல்லையா என்று குழப்பம். உள்ளே பார்க்காமலே மருந்தைப் போட்டு, குண்டைப் பொருத்திவிட்டேன். இரட்டை மருந்து என்றால் துப்பாக்கியே வெடித்துவிடும் என்பது பிறகுதான் உறைத்தது. அதற்குள் அது மற்றவற்றோடு கலந்துவிட்டது. நிறுத்துப் பார்த்தேன். கூடுகளே ஒன்றுக்கொன்று எடை மாறின. குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

என்ன செய்வதென்று நேசனிடம் கேட்கத்தான் மறுநாள் பெட்டியைக் கிளப்புக்குக் கொண்டுபோனேன். அவன் ஆசையாக அதைக் கையில் வாங்கினான்.

"நீயே செய்தனியோ? முதல் வெடி நான் வைக்கிறன்."

சொல்ல வெட்கமாக இருந்தது. அவன் தோட்டாவைப் போட்டுக் குறிபார்த்த பிறகுதான், "வேண்டாம் நேசா!" என்று கத்தினேன்.

விஷயத்தைக் கேட்டதும் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை வெளியே எடுத்தான். "இதை முதலே சொல்லியிருக்கலாமெல்லே?" என்றான்.

இருவருமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். முப்பத்தெட்டாவதில் மருந்து இரட்டிப்பாக இருந்தது. நேசனின் மகளுக்கு அப்போது எட்டு மாதம்.

கைத்தவறுக்குத் தொலைபேசியைக் காரணம் சொல்லலாம். அவன் குறிபார்க்கும்வரை நான் ஏன் வாய் திறக்கவில்லை என்பது மட்டும் இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.